வாங்க வராதவர்களின் வீடு

ஒரு படத்தை வெட்டுவதற்கு முன்னால் அவர் அதில் இருப்பவரிடம் அனுமதி கேட்பார். சத்தமாக இல்லை, உதடு மட்டும் அசையும். முதல் தடவை பார்த்தபோது ஏதோ மந்திரம் சொல்கிறார் என்று நினைத்தேன். பக்கத்தில் போய்க் காதைக் கொடுத்தால், "கொஞ்சம் பொறுத்துக்கிடுங்க, இந்தா முடிஞ்சிரும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பாதி பிளேடு ஒரு அம்மாளின் தோளைச் சுற்றி வந்துகொண்டிருந்தது. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. எதற்கும் சிரிப்பு வரும்.

குற்றாலம் சன்னதி பஜாரில் ஒரு சின்ன ஸ்டுடியோ அது. எழுபதுகளின் கடைசி. நான் படம் எடுக்கிறவன். அவர் உள்ளே, கறுப்புத் திரைக்குப் பின்னால், பிரிண்ட் போட்டு ஓரம் வெட்டி அட்டையில் ஒட்டுகிறவர். நாற்பத்தைந்து வயது இருக்கும். எல்லோரும் அண்ணாச்சி என்றே கூப்பிடுவோம். பெயர் தெரியாமல் இல்லை. ஒட்டிய ஆல்பம் ஒன்றில்கூடத் தன் பெயரை எழுதாத மனிதர். நானும் எழுதாமல் விடுகிறேன்.

சீசன் தொடங்கிவிட்டால் விடியற்காலையிலேயே பேரருவிக்கு முன்னால் கேமராவோடு போய் நிற்பேன். தலையில் எண்ணெய், தோளில் துண்டு, பல் கிடுகிடுக்க நிற்கிற கூட்டத்தைக் குடும்பம் குடும்பமாக நிறுத்திப் பிடிப்பேன். காலையில் எடுத்தால் சாயங்காலம் படம். ரசீதைக் காட்டி வாங்கிக்கொண்டு போக வேண்டியது. பெரும்பாலும் வந்துவிடுவார்கள். சிலர் வர மாட்டார்கள். பஸ் கிளம்பிவிடும், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்துவிடும், அல்லது அருவியிலேயே சண்டை போட்டுக்கொண்டு ஆளுக்கொரு திசையாக ஊருக்குப் போய்விடுவார்கள். அவர்களுடைய படங்கள் கவரில் கிடக்கும். அடுத்த வருஷத்தின் முதல் சாரல் விழும் வரை வைத்திருக்க வேண்டும், அதற்கு மேல் குப்பை. இது முதலாளியின் சட்டம். பிலிம்களை அதற்கு முன்பே எடைக்குப் போட்டுவிடுவார். அதைக் கழுவி வெள்ளி எடுக்க ஆட்கள் இருந்தார்கள்.

அந்தக் குப்பைதான் அண்ணாச்சிக்கு. முதல் சாரல் விழுகிற அன்று, வேலை முடிந்ததும், கவர்களை வரிசையாக எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். ஒரு நாள் முந்திக்கூடத் தொட மாட்டார். "இன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் டயம் இருக்குல்லா தம்பி. யாராவது ஓடி வந்தாலும் வருவாங்க" என்பார்.

பிறகு அவர்களை வெட்டுவார். ஆளின் ஓரத்தோடு ஓரமாக, விரல் இடுக்குகூட விடாமல் பிளேடு போகும். காலுக்குக் கீழே, பக்கத்தைக் கீறிச் செருகி நிறுத்த ஒரு சிறு தாள் நாக்கை ஒட்டி மடிப்பார். உள்ளங்கை அகலத்தில் ஒரு ஆல்பம் தைத்து வைத்திருப்பார். பிரிண்ட் தாள் சுற்றி வருகிற கறுப்புக் காகிதம்தான் அதன் பக்கங்கள். நடுவில் பட்டர் பேப்பர். அட்டைக்கு, படம் ஒட்டுகிற மவுண்ட் அட்டை வெட்டியதில் விழுந்த துண்டு. பசை மைதாவில் மயில்துத்தம் போட்டுக் காய்ச்சியது. இல்லாவிட்டால் அந்த ஈரத்தில் பூச்சி அரித்துவிடும். மூடி இருக்கும்போது ஒரு சின்னப் புத்தகம், அவ்வளவுதான். திறந்தால் வீடு எழுந்து நிற்கும். தூண், கதவு, மாடிப்படி, சுவரில் நகத்தளவுக் காலண்டர். அந்த வீட்டுக்குள் இந்த ஆட்கள் ஆங்காங்கே நிற்பார்கள். ஒருத்தி வாசல்படியில், ஒருவர் தூணில் சாய்ந்தபடி, இரண்டு பிள்ளைகள் கதவு மறைவில்.

அவருக்குச் சில கட்டுப்பாடுகள் இருந்தன. கழுத்தோடு வெட்டக் கூடாது. சேர்ந்து நின்றவர்களைப் பிரிக்கக் கூடாது. கைப்பிள்ளை அழுதுகொண்டிருந்தாலும் அம்மாவோடேயே இருக்க வேண்டும். எனக்கு இதெல்லாம் வேடிக்கை. "அண்ணாச்சி, இன்னைக்கு உங்க வீட்டுக்கு யாரு வந்திருக்கா?" என்று திரைக்கு வெளியிலிருந்து கேட்பேன். அவர் கேலியைக் கேலியாகவே எடுத்துக்கொள்ள மாட்டார். "சின்னம்மை மவ வந்திருக்கா. கோவில்பட்டில குடுத்திருக்கு. மாப்பிள்ளை கொஞ்சம் முன்கோபக்காரரு, நெத்தியப் பாரு" என்று ஒரு தாள் ஆளை இரண்டு விரலில் பிடித்துக் காட்டுவார். மாப்பிள்ளை உண்மையில் யாரோ ஒருவர். அருவித் தண்ணீர் கண்ணில் பட்டு நெற்றியைச் சுருக்கியிருந்தார்.

தாளைப் பழசாக்குவதில் அவருக்கு ஒரு பித்து. டீக்கடையிலிருந்து தேயிலைச் சக்கையை வாங்கிவந்து வெந்நீரில் ஊறப்போட்டு, புதுத் தாளை அதில் முக்கிக் காய வைப்பார். வீட்டுச் சுவருக்கு, காலண்டருக்கு, ஆட்களின் ஓரத்துக்குக்கூடப் பஞ்சால் ஒற்றுவார். போன வருஷம் எடுத்த படம் அவருடைய ஆல்பத்தில் ஐம்பது வருஷத்துப் படம் போல இருக்கும்.

"எதுக்கு அண்ணாச்சி இந்தப் பாடு?"

"சொந்தக்காரங்கன்னா கொஞ்சம் பழசா இருக்கணும்லா. நேத்து வாங்கின சட்டை மாதிரி இருந்தா யாரு நம்புவா?"

"யாரு நம்பணும்?"

அவர் யோசித்தார். "நாந்தான்" என்றார்.

இந்த வேலையை யாரிடமும் அவர் கற்கவில்லை. அருவிக்குப் போகிற வழியிலிருந்த ஒரு பங்களாவைக் காலி செய்தபோது, குப்பையோடு குப்பையாக வெள்ளைக்காரர் காலத்து வாழ்த்து அட்டை ஒன்று கிடைத்ததாம். திறந்தால் கப்பல் எழும்பும். அதன் சூட்சுமம் தெரிய வேண்டும் என்று மடிப்பு மடிப்பாகப் பிரித்துவிட்டார். சூட்சுமம் தெரிந்தது, ஆனால் கப்பலைத் திரும்பப் பழையபடி ஒட்ட வரவில்லை. "பிரிச்சதுக்குப் பெறவு அது கப்பலாவே இல்ல தம்பி, வெறும் தாளு" என்று வருத்தமாகச் சொல்வார்.

முதலாளி லேசுப்பட்டவர் இல்லை. இந்த வித்தையைப் பார்த்ததும், திறந்தால் அருவி விழுகிற மாதிரி அட்டை செய்து கொடுக்கச் சொன்னார். அண்ணாச்சி செய்தார். பாறைக்கு மவுண்ட் அட்டை, தண்ணீருக்கு நூல் நூலாகக் கிழித்த பட்டர் பேப்பர். ஊதினால் அருவி ஆடும். வந்தவர்கள் அடித்துப்பிடித்து வாங்கினார்கள். ஏழோ எட்டோ செய்தார், பிறகு நிறுத்திவிட்டார். முதலாளி கத்தினார். "எல்லா அருவியும் ஒண்ணுபோல வந்துட்டு முதலாளி. இனி செய்ய வராது" என்று சொல்லிவிட்டுத் திரைக்குப் பின்னால் போய்விட்டார். பிழைக்கத் தெரியாத மனுஷன் என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

அவருக்கு யாரும் இல்லை என்று சொல்ல முடியாது. கடையநல்லூரில் கூடப்பிறந்த தம்பி ஒருவர் மனைவி மக்களோடு இருந்தார். என்ன மனக்கசப்போ, பேச்சுவார்த்தை இல்லை. ஒரு சீசனில் அந்தத் தம்பி குடும்பத்தோடு அருவிக்கு வந்திருந்தார். அண்ணாச்சிதான் கடை வாசலில் நின்று காட்டினார். "அந்தா போறான் பாரு, நீலச் சட்டை. அவன்தான் என் தம்பி." கூப்பிடுங்களேன் என்றேன். அவர்கள் கூட்டத்தில் மறைகிற வரை பார்த்துவிட்டு உள்ளே போனார். அன்றைக்குப் பிரிண்ட் எல்லாம் கறுத்துப் போய் வந்தது.

மேலகரத்தில் பல குடித்தனங்கள் இருந்த ஒரு வளவில் ஒற்றை அறை எடுத்துத் தங்கியிருந்தார். ஒரு தீபாவளி அன்று மத்தியானம் எங்கள் அம்மா முறுக்கும் முந்திரிக்கொத்தும் கட்டிக் கொடுத்து, "அந்த மனுசன் தனியாக் கெடப்பாரு, போய்க் குடுத்துட்டு வா" என்று அனுப்பினாள். கதவு திறந்துதான் இருந்தது. தரையில் ஆல்பங்களை வட்டமாகத் திறந்து வைத்திருந்தார். ஏழெட்டு வீடுகள், அதற்குள் நாற்பது ஐம்பது பேர். நடுவில் புது வேட்டியோடு இலை போட்டு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "வாலே, வா. எல்லாரும் இருக்காங்க" என்றார்.

கேலிக்குச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்த ஆளை வரவேற்கிற சாதாரணக் குரல் அது. அத்தனை சின்ன முகங்களும் என்னைப் பார்ப்பது போல இருந்தது. எல்லாம் என் கேமராவைப் பார்த்து நின்ற முகங்கள்தானே. பொட்டலத்தை வாசலிலேயே வைத்துவிட்டு, வேலை இருக்கிறது என்று ஏதோ உளறி சைக்கிளை மிதித்தேன். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கலாம். அன்றைக்கு எனக்குப் பயமாக இருந்தது, அதுதான் நிஜம்.

சின்னம்மை, அத்தை, ஒன்றுவிட்ட அண்ணன், மச்சினன் என்று எல்லா முறையும் அந்த வீடுகளில் இருந்தது. மகன் என்று மட்டும் யாரையும் அவர் வைத்ததில்லை. அடுத்த வருஷம் முதல் சாரல் விழுந்த அன்றுதான் அது நடந்தது. கவரிலிருந்து வந்த படங்களில் ஒரு பையன். இருபது இருபத்தொரு வயது. தலைமுடி ஈரமாக நெற்றியில் ஒட்டியிருக்க, துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, ஏறியிருந்த மேல் பல் ஒன்று தெரிய, வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டிருந்தான். அண்ணாச்சி அந்தப் படத்தைக் கையில் வைத்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

"இவன் என்னைப் பாத்துல்லா சிரிக்கான்" என்றார்.

"கேமராவுக்குப் பின்னால நின்னவன் நான் அண்ணாச்சி. அவன் என்னைப் பாத்துச் சிரிச்சிருக்கான்" என்றேன். நான் சும்மா இருந்திருக்கலாம். அவர் முகம் சுண்டிப்போயிற்று. ஆனாலும் அந்தப் பையனைத்தான் புதிதாகக் கட்டிய பெரிய வீட்டின் நடுவில் நிறுத்தினார். ஒரு வாரம் கழித்து அவனுக்குப் பெண்ணும் பார்த்துவிட்டார். அதே வருஷத்து வாங்கப்படாத படங்களில் ஒன்றில், தாவணி போட்ட ஒரு பெண் தனியாகக் குடை பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஜாதகம் பாத்தாச்சா?" என்று கேட்டேன்.

"உயரம் பாத்தேன். இவளை நீ கொஞ்சம் எட்டத்துல இருந்து எடுத்திருக்கே, சின்னதா விழுந்திருக்கா. அதனால மாப்பிள்ளையை ஒரு எட்டுப் பின்னால நிறுத்தினேன். இப்பப் பாரு, சோடி சரியா இருக்கா?"

சரியாகத்தான் இருந்தது. அவளுடைய குடை அவன் தலைக்கும் சேர்த்து வந்தது. ஓரம் எழும்பாமல் இருக்கக் குடையின் விளிம்பை அவன் ஈர முடியோடு பசை தடவி ஒட்டியிருந்தார். வாசலுக்குப் பச்சைத் தாளில் மாவிலைத் தோரணம். அதற்கடுத்த இரண்டு மாதமும் அண்ணாச்சி கொஞ்சம் சதை போட்டாற்போல இருந்தார். வேலைக்கு இடையில் அவராகவே சிரித்துக்கொள்வார்.

ஆவணி மாதம், கூட்டம் வற்றிய ஒரு மத்தியான நேரம். ஒரு அம்மாள் மஞ்சப் பையோடு கடையேறி வந்தாள். ராஜபாளையம் பக்கம் ஏதோ கிராமம். நாலாக மடித்த ரசீதை விரித்து மேஜையில் வைத்தாள்.

"தம்பி, இந்தச் சீட்டுக்குப் படம் இருக்கான்னு பாருங்க."

நான் எண்ணைச் சத்தமாகப் படித்தேன். தேதியைப் பார்த்தேன். "வருஷம் தாண்டிட்டே அம்மா. அவ்வளவு நாள் வச்சிருக்க மாட்டோம்."

"எனக்கே இப்பத்தான்யா கெடச்சது. அவன் பெட்டியைத் தொறக்க மனசே வரல. போன வாரந்தான் தொறந்தேன்."

அவளுடைய மகன். மில்லில் வேலை. கூட வேலை பார்க்கிறவர்களோடு குற்றாலம் வந்துபோனவன், தை மாதம் மஞ்சள்காமாலையில் போய்விட்டான். படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று அவன் அப்பா ஒரு படம்கூட எடுக்கவிட்டதில்லை. வீட்டில் அவன் முகம் ஒன்றுகூட இல்லை. "எனக்கு மொகமே மறந்துரும்போல இருக்குய்யா. கண்ண மூடினா, ஆஸ்பத்திரில கெடந்த மொகந்தான் வருது. நல்லாச் சிரிப்பான். மேல் பல்லு ஒண்ணு ஏறியிருக்கும்."

பல்லைச் சொன்னதும் எனக்குப் புரிந்துவிட்டது. திரைக்குப் பின்னால் தண்ணீர் அலம்புகிற சத்தம் நின்றிருந்தது. அவரும் கேட்டுக்கொண்டிருக்கிறார். இரண்டு மாதம் முந்தி வந்திருந்தால் கவரோடு எடுத்துக் கொடுத்திருப்போம். எனக்கு அண்ணாச்சியைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை. "இல்லம்மா, கெடைக்காது. எல்லாம் குப்பைக்குப் போயிருக்கும்" என்றேன்.

அவள் நம்பினாள். எழுந்தவள் திரும்பவும் உட்கார்ந்துகொண்டாள். "நீங்கதான தம்பி எடுத்தது? அன்னைக்கு எப்படி இருந்தான்? என்ன பேசினான்?"

ஒரு நாளைக்கு எத்தனையோ பேர். நனைந்த முகம் எல்லாம் எனக்கு ஒன்றுதான். அவன் என்னைப் பார்த்துத்தான் சிரித்தான், எனக்கு அவனை ஞாபகமே இல்லை.

திரை விலகியது. கைத்தண்டையெல்லாம் மருந்துத் தண்ணீர் வழிய அண்ணாச்சி வந்து நின்றார்.

"இடது கைல கயிறு கட்டியிருப்பாரா அம்மா?"

அவள் நிமிர்ந்தாள்.

"கழுத்துல துண்டு. துண்டுல ரெண்டு கரை, ஒண்ணு அகலம், ஒண்ணு நூலு மாதிரி. வலது புருவத்துல ஒரு சின்ன வெட்டு. கயிறு என்ன கலர்னு மட்டும் தெரியல. படத்துல கறுப்பாத்தான் விழுந்திருக்கு."

"செவப்புய்யா" என்றாள் அவள். "சங்கரன்கோவில்ல கட்டினது. செவப்பு."

"செவப்பு" என்று அண்ணாச்சி ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். "அரை மணி நேரம் உக்காருங்க. எடுத்துட்டு வாரேன்." சாரலில் சைக்கிளை எடுத்துக்கொண்டு மேலகரத்துக்குப் போனார்.

பையனை மட்டும் பிரித்து எடுத்துக்கொண்டு வருவார் என்றுதான் நினைத்தேன். பாலித்தீன் தாளில் சுற்றி முழு வீட்டையும் கொண்டுவந்தார். அவள் முன்னால் வைத்துத் திறந்தார். தூண்கள் எழுந்தன. அத்தைகளும் மச்சினன்மாரும் எழுந்தார்கள். நடுவில் குடைக்குக் கீழே அவன் எழுந்தான்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். விரல் நுனியால் அவன் முகத்தைத் தொட்டாள். பிறகுதான் பக்கத்தில் நின்றவளைப் பார்த்தாள்.

"இது யாரு?"

அவள் தோரணத்தைப் பார்த்தாள். சுற்றி நின்ற கூட்டத்தைப் பார்த்தாள்.

"கல்யாணமா? கல்யாணமா முடிச்சிருந்தான்? அவங்கய்யா ஒத்துக்கிட மாட்டாருன்னு பயந்து மறைச்சிட்டானா?" அவள் முகத்தில் அப்போது வந்த வெளிச்சத்தை நான் எந்தக் கேமராவிலும் பிடித்ததில்லை. "எந்த ஊருய்யா இந்தப் பிள்ள? வயித்துல கியித்துல எதுவும் உண்டா? நான் போய்ப் பாக்கணும். நான் கூட்டிட்டுப் போயிருதேன்யா, அவரு என்ன சொன்னாலும் சரி." பையை எடுத்துக்கொண்டு எழுந்தே விட்டாள்.

பேசாமல் இருந்துவிடுங்கள் அண்ணாச்சி என்று மனதுக்குள் கெஞ்சினேன். அடுத்த நொடியே, சொல்லித் தொலையுங்கள் என்றும் கெஞ்சினேன். இன்றுவரை எது சரி என்று எனக்குத் தெரியாது.

"அம்மா, அப்படி ஒண்ணும் இல்ல. இது நான் ஒட்டினது" என்றார் அவர்.

"என்னது?"

"இந்தப் பிள்ளை யாருன்னு எனக்குத் தெரியாது. உங்க மகனையும் தெரியாது. இதுல நிக்கிற ஒருத்தரையும் தெரியாது. படம் வாங்க வராதவங்க." வீட்டின் ஓரத்தை விரலால் நீவினார். "எனக்கு ஒரு மகனும் மருமகளும் இருந்தா நல்லாருக்கும்னு, நானா ஒட்டிக்கிட்டேன்."

இத்தனை வருஷத்தில் அவர் இதை வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான். சொல்லிவிட்டுக் கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார்.

அவள் முகம் அணைந்தது. பிறகு கோபம் வந்தது. "எம்பிள்ளைய நீரு எப்படிய்யா எடுத்துக்கிட்டீரு? அவன் அங்க மண்ணுக்குள்ள கெடக்கான், நீரு இங்க கல்யாணம் பண்ணி வச்சிருக்கீரு!" நான் முதலாளியின் ஒரு வருஷச் சட்டத்தைச் சொல்ல வாயெடுத்தேன். அண்ணாச்சி என்னை ஒரு பார்வை பார்த்தார். அவளிடம், "தப்புதான் அம்மா" என்று மட்டும் சொன்னார்.

"அவனை மட்டும் குடுங்க" என்றாள்.

பசை காய்ந்து இறுகியிருந்தது. டீக்கடையிலிருந்து கொதிக்கிற கெட்டிலை வாங்கிவந்து, ஆவியில் காட்டிக் காட்டி இளக்கினார். சேர்ந்து நின்றவர்களைப் பிரிக்கவே மாட்டேன் என்றவர். உதடு அசைந்துகொண்டிருந்தது. குடையின் விளிம்பு விடவில்லை. பையனின் முடி கிழிய வேண்டும், இல்லாவிட்டால் குடை கிழிய வேண்டும். அவர் குடையைக் கிழித்தார். அந்தப் பெண் வெறும் காம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அருவில எடுத்த படம்தானே, அருவி எங்க?" என்று அந்த அம்மாள் கேட்டாள். வெட்டி எறிந்த பின்னணி எப்போதோ அடுப்புக்குப் போயிருந்தது. "கடைசி பஸ்ஸுக்கு முன்ன செஞ்சு தந்துருதேன்" என்று அவர் உட்கார்ந்தார். இனி வராது என்று முதலாளியிடம் சொன்ன அதே அருவி. கறுப்புத் தாளில் ஒரே ஒரு பக்கம் கொண்ட ஆல்பம். அட்டையில் பாறை வெட்டினார். பட்டர் பேப்பரை நூல் நூலாகக் கிழித்தார். தேயிலைத் தண்ணீரைத் தொடவே இல்லை. சிவப்பு மையில் குச்சியைத் தொட்டு, பையனின் மணிக்கட்டில் கயிற்றின் மேல் ஒரு கோடு இழுத்தார்.

அவள் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு பார்த்திருந்தாள். கோபம் வடிந்ததா, ஓய்ந்துபோனதா தெரியவில்லை, மெல்லப் பேச ஆரம்பித்தாள். அவர் தலையைத் தூக்காமலே கேட்டுக்கொண்டிருந்தார்.

"சோறு நல்லாத் தின்பானா?"

"எங்க? மீன் கொழம்புன்னா எழுந்திரிச்சே போயிருவான். ரசமும் அப்பளமும் இருந்தாப் போதும்."

"புருவத்துல அந்த வெட்டு?"

"கெணத்துல குதிச்சது. எட்டு வயசுல."

"ஓ" என்றார். "நான் சைக்கிள்ல விழுந்துருப்பான்னு நெனச்சேன்."

மகனைக் கொடுத்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில்தான் மகனைப் பற்றி ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டார். அருவியைச் சீக்கிரமே முடித்திருக்கலாம். நூலை எடுப்பதும் வைப்பதுமாக இழுத்துக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியும்.

அஞ்சு மணி வாக்கில் முடிந்தது. அவள் திறந்து பார்த்தாள். அருவிக்கு முன்னால் அவன் தனியாக நின்று சிரித்தான். மூடி, பையில் துணிக்கு நடுவே வைத்தாள். கிளம்பும்போது மேஜையில் திறந்து கிடந்த வீட்டைப் பார்த்து நின்றாள்.

"இந்தப் பிள்ளையையும் யாராவது தேடுவாங்கல்ல அண்ணே?" என்றாள்.

அவள் தென்காசி பஸ்ஸில் ஏறிப் போனாள்.

மறுநாள் அவர் வேலைக்கு வரவில்லை. அதற்கு மறுநாள் ஒரு பழைய ஷூ பெட்டியோடு வந்தார். உள்ளே கவர்கள். எல்லா வீட்டிலிருந்தும் எல்லோரையும் பிரித்து எடுத்திருந்தார். சின்னம்மை மகள், முன்கோபக்கார மாப்பிள்ளை, கதவு மறைவுப் பிள்ளைகள், குடைக்காம்புப் பெண். ஞாபகம் இருந்தவரை எந்த வருஷம், எந்த மாதம் என்று கவரின் மேல் பென்சிலால் குறித்திருந்தார். முதலாளியிடம் கெஞ்சிக் கூத்தாடி, வாசல் கண்ணாடிப் பெட்டியில் கீழ்த் தட்டை வாங்கிக்கொண்டார். சீசன் நேரத்தில் நாளைக்கு நாலு பேராக அதில் நிறுத்துவார். போகிற வருகிறவர்கள் யாராவது அடையாளம் கண்டு நிற்பார்கள் என்று.

நின்றார்கள். பிள்ளைகள் பொம்மை என்று விரலை நீட்டினார்கள். ஒருவர் விலை கேட்டார். உரியவர் என்று யாரும் வரவில்லை. அடுத்த சீசனும் அப்படியே போனது.

"போதும் அண்ணாச்சி, இனி யாரும் வரமாட்டாங்க. பழையபடி வீட்டுலயே வச்சிக்கிடுங்க" என்றேன். நான் கேலி செய்வதை நிறுத்திப் பல நாள் ஆகியிருந்தது.

"அவங்கவங்களுக்கு வீடு இருக்கும்லா தம்பி. நாம எப்படிக் கூப்பிடுதது?" என்றார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்குத் திருச்சியில் ஒரு வேலை கிடைத்தது. சொல்லிக்கொள்ள மேலகரம் போனேன். மாடக்குழியில் ஆல்பங்கள் அடுக்கியிருந்தன. ஒன்றைத் திறந்து பார்த்தேன். தூணும் படியும் கதவும் எழுந்தன. தரைத்தாளில், ஆட்கள் நின்ற இடமெல்லாம் பிளேடு கீறிய சிறு சிறு பிளவுகள். அறையில் ஒரு பாய், ஒரு தட்டு, ஒரு தம்ளர். எனக்கு டீ கொடுத்துவிட்டு, நான் குடித்து முடித்ததும் அதே தம்ளரைக் கழுவித் தனக்கு ஊற்றிக்கொண்டார். தீபாவளி அன்று வாசலோடு ஓடிப்போனதற்கு மன்னிப்புக் கேட்க நினைத்தேன். அதற்குப் பதிலாகச் சட்டைப்பையிலிருந்து என் படம் ஒன்றை எடுத்து அவரிடம் நீட்டினேன். வேலை மனுவுக்கு எடுத்ததில் மிஞ்சியது.

"வெட்டி வச்சிக்கிடுங்க அண்ணாச்சி. நானாத்தான் குடுக்கேன். இதைத் தேடி யாரும் வரமாட்டாங்க."

அவர் வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். முன்பு அந்தப் பையனைப் பார்த்தது போலவே வெகுநேரம் பார்த்தார். எந்த வீட்டில் நிறுத்தலாம் என்று யோசிக்கிறார் என்று நினைத்தேன்.

"ஏலே, நீ ஊருக்கு வருவேல்லா?"

"வருவேன் அண்ணாச்சி. வராம எங்க போவேன்?"

"அப்போ வெட்டக் கூடாது" என்றார். ஒரு கவரை எடுத்து என் படத்தை உள்ளே போட்டு, மேலே என் பெயரையும் அன்றைய தேதியையும் எழுதி, பெட்டியில் மற்றவர்களோடு வைத்தார். "பத்திரமா இருக்கும். எப்ப வேணும்னாலும் வந்து வாங்கிக்கோ."

நான் வாங்கப் போகவில்லை.